கஷ்டத்தைச் சொல்லிச் சம்பளம் கேட்டேன், அட்வான்ஸ் கிடைத்தது

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பதினோரு வருடம் மெர்ச்சன்டைசராக வேலை பார்த்தேன். 2013 ஜூனில் 9,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். பையரிடம், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடம் விலை பேசுவது, சாம்பிள் அனுப்பி அப்ரூவல் வாங்குவது, நூல் வாங்கியதிலிருந்து நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல் என்று ஒவ்வொரு இடமாகத் துரத்திப் பிடித்து, சொன்ன தேதியில் சரக்கைத் தூத்துக்குடிக்கு ஏற்றி அனுப்புவது வரை எல்லாம் என் பொறுப்பு. வேலையில் எனக்கு எப்போதும் தைரியம் உண்டு. வெள்ளைக்காரப் பையரிடம் ஒரு சென்ட்டுக்கு ஒரு மணி நேரம் வாதாடுவேன். ஆனால் என் சம்பளத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வந்ததே இல்லை. ஏப்ரல் வந்தால் கவரில் ஒரு கடிதம் வரும், பிரித்துப் பார்ப்பேன், தேங்க்ஸ் சார் என்பேன். அவ்வளவுதான். இதனால் எனக்குப் போன பணமும், தூக்கம் கெட்ட ராத்திரிகளும் கொஞ்சமில்லை. யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

2022 ஆகஸ்டில் ஒருநாள், என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த தம்பி பைக் லோன் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து, "அக்கா, இதுல ஏதாச்சும் தப்பு இருக்கான்னு பாருங்க" என்றான். மூன்று வருட அனுபவத்தோடு ஆறு மாதம் முன்புதான் சேர்ந்தவன். மாதச் சம்பளம் என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் 30,000 என்று எழுதியிருந்தான். எனக்கு அப்போது 24,500. விண்ணப்பத்தில் பின்கோடு ஒன்று விட்டுப்போயிருந்தது, அதைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் டாய்லெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பணம் குறைவு என்பதைவிட, ஒன்பது வருடமாக என்னை எல்லோரும் ஏமாளி என்று நினைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் வலித்தது.

அன்று சாயங்காலமே ஜி.எம். அறைக்குப் போனேன். இதுதான் நான் செய்த பெரிய தப்பு. கோபம் ஆறவில்லை, கையில் ஒரு விவரமும் இல்லை. முதலில் அந்தத் தம்பியின் சம்பளத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பேச்சு அங்கேயே திசை மாறிவிட்டது. உடனே நான் தடுமாறி, மகன் ஸ்கூல் ஃபீஸ், வீட்டு வாடகை, மாமியார் மருந்துச் செலவு என்று அடுக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கும் நல்ல சம்பளம்தானுங்களே" என்றார். பிறகு, "பணக் கஷ்டம்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மிணி. ஆபீஸ்ல அட்வான்ஸ் வாங்கிக்கங்க, மாசம் அஞ்சாயிரமா புடிச்சுக்கலாம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. நான் கேட்டதற்கு ஏற்ற பதிலைத்தான் சொன்னார். கஷ்டம் என்று போனேன், கஷ்டத்துக்கு வழி சொன்னார். ஐம்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். உதவி கிடைத்தது என்று அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன்.

அந்தப் பத்து மாதங்களை எப்படிச் சொல்வது! பி.எஃப் போகக் கையில் 23,300 வந்துகொண்டிருந்தது, இப்போது 18,300 ஆனது. அட்வான்ஸ் நிலுவையில் இருக்கும்வரை வேறு கம்பெனியைப் பார்க்கவும் முடியாது, மறுபடி சம்பளம் பற்றிப் பேசவும் வாய் வராது. ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் அந்த 5,000 கழிவைப் பார்க்கும்போது என் வாயை நானே பூட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். இதைவிட மோசம், அந்தத் தம்பியைக் கூப்பிட்டுச் சம்பளத்தை ஏன் வெளியே சொன்னாய் என்று திட்டியிருக்கிறார்கள். அதுவரை என்னோடு உட்கார்ந்து டிஃபன் பாக்ஸ் திறந்தவன், மறுநாளிலிருந்து கேண்டீனில் வேறு டேபிளுக்குப் போய்விட்டான். இன்னொருவரின் சம்பளம் உங்களுக்குத் தெரியவந்தால், உங்களுக்கு எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் தயவுசெய்து அதை மேஜையில் வைத்து வாதாடாதீர்கள். அடி வாங்குவது அவர்களாக இருக்கும்.

என் கண்ணைத் திறந்தவர் தையல் பிரிவில் இருந்த ஒரு அக்கா. டீ நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, ஷிஃப்டுக்குத் தனக்கு எவ்வளவு, ஒப்பந்தப்படி அடுத்த வருடம் எவ்வளவு ஏறும் என்று பைசா சுத்தமாகச் சொன்னார். திருப்பூரில் பனியன் தொழிலாளர்களுக்கு முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடுவது வழக்கம். 2021ல் போட்ட ஒப்பந்தத்தில் நான்கு வருடத்துக்கு மொத்தம் 32 சதவீத உயர்வு, அதில் முதல் வருடமே 19 சதவீதம். ஸ்டாஃப் என்று சொல்லிக்கொள்ளும் எங்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு என் வேலைக்கு மார்க்கெட்டில் என்ன விலை என்று தெரியவில்லை. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று ராத்திரி ஒரு பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். 2019 ஏப்ரலில் என் சம்பளம் 21,500. கொரோனா வருடம் உயர்வு இல்லை. 2021ல் 22,500, 2022ல் 24,500. மூவாயிரம் ஏறியிருக்கிறதே என்றுதான் நினைத்திருந்தேன். அரசு வெளியிடும் சில்லறை விலைவாசி உயர்வு 2020-21ல் 6.2 சதவீதம், 2021-22ல் 5.5, 2022-23ல் 6.7. அந்த 21,500 ரூபாயின் மதிப்பு குறையாமல் இருக்கவே எனக்கு 25,700 வந்திருக்க வேண்டும். அதாவது நான்கு வருடத்தில் அனுபவம் கூடியது, பொறுப்பு கூடியது, உண்மையான சம்பளம் இறங்கியிருந்தது. நீங்களும் மூன்று நான்கு வருடத்துச் சம்பளத்தை வரிசையாக எழுதி, விலைவாசி சதவீதத்தால் ஒவ்வொரு வருடமாகப் பெருக்கிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

விலைவாசிக்கு ஈடு கட்டுகிறதா என்பது ஒரு கேள்வி, வெளியே என்ன கொடுக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. இந்த ஊர் வேலைக்கு இணையத்தில் இருக்கும் சம்பள விவரங்கள் பெரிதாக உதவவில்லை. வாட்ஸ்அப் குரூப்களில் வரும் "மெர்ச்சன்டைசர் தேவை" விளம்பரங்களைச் சேர்த்து வைத்தேன். மொத்தம் 18 கிடைத்தன. "தகுதிக்கேற்ற சம்பளம்" என்று மட்டும் போட்டவற்றைத் தள்ளிவிட்டேன். தொகை போட்டிருந்த 11 விளம்பரங்களில் என் அனுபவத்துக்கு 32,000 முதல் 42,000 வரை இருந்தது. அடுத்து, வேறு கம்பெனிக்குப் போய்விட்ட பழைய தோழிகளுக்குப் போன் செய்தேன். உனக்கு எவ்வளவு என்று கேட்டால் யாருக்கும் சங்கடம். அதனால், "உங்க கம்பெனியில பத்து வருஷ அனுபவத்துல ஒரு மெர்ச்சன்டைசர் எடுத்தா எவ்வளவு வரைக்கும் குடுப்பாங்க?" என்று கேட்டேன். எல்லோரும் தயங்காமல் சொன்னார்கள். ஒருத்தி தன் சம்பளத்தையும் சேர்த்தே சொன்னாள். ஐந்து பேரிடமாவது கேளுங்கள். ஒருவர் சொல்வதை நம்பினால் ஏறுமாறாகப் போய்விடும்.

கடைசியாக, 2023 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமாநல்லூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். துரோகம் செய்வதுபோல் கை நடுங்கியது. அதில் துரோகம் ஒன்றும் இல்லை, உங்கள் விலையைத் தெரிந்துகொள்ள அதைவிட நேரான வழி கிடையாது. அங்கே முதல் கேள்வியே இப்போது என்ன வாங்குகிறீர்கள் என்பதுதான். உண்மையைச் சொன்னால் அதற்கு மேல் 20 சதவீதம் போட்டுக் கொடுப்பார்கள், பழைய குறைவு புது கம்பெனிக்கும் கூடவே வரும். பொய் சொன்னால் சம்பளச் சீட்டு கேட்கும்போது மாட்டிக்கொள்வோம். "நான் எதிர்பார்ப்பது 38லிருந்து 40 வரைக்குமுங்க, இந்த வேலைக்கு நீங்க எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். 40,000 என்றார்கள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து அவர்கள் கொடுத்த தாளைப் படித்தபோதுதான் அது சி.டி.சி. கணக்கு, அதாவது எனக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு என்று புரிந்தது. அதற்குள் கம்பெனி கட்டும் பி.எஃப் 1,800, வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு என்று 770, வருடக் கடைசியில் தரும் போனஸை மாதமாகப் பிரித்து 1,333 எல்லாம் அடக்கம். இவை போகச் சுமார் 36,100, அதில் என் பங்கு பி.எஃப் 1,800 கழிந்தால் கைக்கு 34,300. தொழில் வரி தனி. என் கம்பெனியில் சொல்லும் சம்பளத்தில் கம்பெனி பங்கோ போனஸோ சேராது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் ஏமாந்திருப்பேன். அதோடு என் வீடு இருக்கும் வீரபாண்டியிலிருந்து தினமும் ஊரைத் தாண்டிப் போய் வர வேண்டும், மகனுக்கு அப்போது எட்டு வயது. அந்த வேலையை எடுக்கவில்லை. ஆனால் கையில் 34,000 வரும் அளவுக்கு என்னை ஒருவர் எடுக்கத் தயார் என்று தெரிந்ததும் என் நடையே மாறிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் என் சம்பளச் சீட்டை முதல் முறையாக வரி வரியாகப் படித்தேன். மொத்தச் சம்பளத்தில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 10,000தான். மீதியெல்லாம் வீட்டு வாடகைப் படி, போக்குவரத்து, ஸ்பெஷல் அலவன்ஸ். பேசிக் குறைவாக இருந்ததால் அப்போது பி.எஃப் குறைந்தது, கிராஜுவிட்டியும் குறைவாகத்தான் வரும். எனக்கு 10,000த்துக்கு 12 சதவீதமாக 1,200 ரூபாய்தான் கம்பெனி கட்டிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் அலவன்ஸையும் பி.எஃப் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019லேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 15,000 என்ற வரம்புவரை கட்டியிருந்தாலே மாதம் 1,800 வந்திருக்கும். பி.எஃப் பாஸ்புக்கை உமங் செயலியில் பார்க்கலாம், எந்தத் தொகைக்குக் கட்டுகிறார்கள் என்று அதில் தெரியும்.

இன்னொன்று ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. 2019ல் என் சம்பளம் 20,000த்திலிருந்து 21,500 ஆனபோது 21,000 வரம்பைத் தாண்டி அதிலிருந்து வெளியே வந்தேன். பிடித்தம் இல்லை என்று மகிழ்ந்தேன். இரண்டு வருடம் கழித்து மகனுக்கு டெங்கு வந்து தனியார் ஆஸ்பத்திரியில் 38,000 கட்டியபோதுதான் எதை இழந்தேன் என்று தெரிந்தது. 21,000 பக்கத்தில் சம்பளம் வாங்குபவர்கள், வரம்பைத் தாண்டும் உயர்வு வந்தால் கூடவே மருத்துவக் காப்பீடும் கேளுங்கள். ஐநூறு ஆயிரத்துக்காக அதை விடுவது பெரிய நஷ்டம்.

ஜூன் மாதம் அட்வான்ஸ் தீர்ந்தது. ஏப்ரலில் 1,500 ஏற்றியிருந்தார்கள், சம்பளம் 26,000. இந்த முறை அவசரப்படவில்லை. ஒரே ஒரு பக்கம் எழுதினேன். வீட்டுச் செலவு ஒரு வரிகூட இல்லை. நான் பார்க்கும் மூன்று பையர்கள், வருடத்துக்கு எத்தனை ஸ்டைல், எத்தனை லட்சம் பீஸ், இதை மேலே போட்டேன். கீழே இரண்டு சம்பவங்கள். நூல் விலை ஏற்றத்தைக் கண்டித்து 2022 மே 16, 17 தேதிகளில் திருப்பூரே கதவடைப்பு செய்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் ஏற்கெனவே விலை முடிந்துபோன 1,20,000 பீஸ் ஆர்டர் ஒன்று என் கையில் இருந்தது. ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் நூல், ஜனவரியில் என்ன விலை, மே மாதம் என்ன விலை என்று பையருக்குக் கணக்கு அனுப்பி, நாலு மெயில், ரெண்டு போனில் பீஸுக்கு 12 சென்ட் ஏற்றி வாங்கினேன். 14,400 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 11 லட்சம் ரூபாய். அடுத்தது, டையிங்கில் கலர் ரிஜெக்ட் ஆகி, சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டிய நிலை வந்தபோது, பாதியை முன்னால் கப்பலில் அனுப்பப் பையரைச் சம்மதிக்க வைத்தது. இரண்டுக்கும் மெயில் நகல் வைத்தேன். எழுதி முடித்துப் படித்தபோது, இவ்வளவும் நானா செய்தேன் என்று எனக்கே கண் கலங்கியது. நீங்களும் மாதம் ஒரு முறையாவது செய்த வேலையைக் குறித்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து யோசித்தால் பாதி மறந்துவிடும்.

நேரமும் முக்கியம். 2023ல் ஆர்டர்கள் குறைந்து ஊரே மந்தமாக இருந்தது, இப்போது கேட்கலாமா என்று என் கணவர் தயங்கினார். அதற்காக இன்னொரு வருடம் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெரிய ஷிப்மெண்ட் பிரச்சினையில்லாமல் போன மறு வாரம், அடுத்த சீசன் சாம்பிள் ஆரம்பிக்கும் முன்பு, எம்.டி.யிடம் அரை மணி நேரம் வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று இரண்டு ராத்திரி ஒத்திகை பார்த்தேன், குறிப்பாக அந்தத் தொகையைச் சொல்லும் இடத்தை. அங்கேதான் குரல் உள்ளே போகும். "சார், இந்த வேலைக்கு வெளியே 32லிருந்து 42 வரைக்கும் போகுதுங்க. எனக்கு 38,000 வேணும், பேசிக் பாதியாவது இருக்கணுமுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் தாளைப் படித்தார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ஏதாவது சொல்லி அந்த மௌனத்தை நிரப்ப வேண்டும் என்று நாக்கு துடித்தது, இல்லன்னாலும் பரவாயில்ல சார் என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

29,000 என்றார். முன்பாக இருந்தால் காலில் விழாத குறையாக நன்றி சொல்லியிருப்பேன். "யோசிச்சுட்டு வர்றேனுங்க சார்" என்று எழுந்தேன். 33,000க்குக் கீழே என்றால் வேறு இடம் பார்ப்பது என்று வீட்டில் முன்பே முடிவு செய்திருந்தோம், அதனால் குழப்பம் இல்லை. வேறு இடத்தில் கூப்பிடுகிறார்கள் என்று மிரட்டவும் இல்லை, போகத் தயாராக இல்லாமல் அப்படிச் சொல்லக் கூடாது. மூன்று நாள் கழித்துப் போய் 29 எனக்குச் சரிவராது என்று மரியாதையாகச் சொன்னேன். ஆகஸ்டிலிருந்து 34,000, பேசிக் 17,000 என்று முடிந்தது. எழுத்தில் கேட்டு வாங்கினேன். ஜனவரியில் 36 ஆக்கலாம் என்று வாய் வார்த்தையாக ஒன்று சொன்னார், அதைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜனவரி வந்தது, போனது, யாருக்கும் ஞாபகம் இல்லை. பிப்ரவரியில் கேட்டபோது, அப்படியா சொன்னேன் என்றார். எழுதாதது எதுவும் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் அவர்களே கொடுத்த 34,000த்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், நான் அழுதுகொண்டு அட்வான்ஸ் வாங்கிய ஆகஸ்ட் முதல் அடுத்த ஜூலை வரை ஒரே வருடத்தில் எனக்குப் போனது 1,08,000 ரூபாய். அதற்கு முந்தைய வருடங்களைக் கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

2024 ஜூனில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் 41,000க்கு வேலை கிடைத்து மாறினேன். பழைய கம்பெனியில் பதினோரு வருடத்துக்குக் கிராஜுவிட்டி வந்தது. கடைசிப் பேசிக்கை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்கிக் கொடுத்தார்கள். எனக்கு 1,07,885 ரூபாய். பேசிக் பழைய 10,000த்திலேயே நின்றிருந்தால் 63,462தான் வந்திருக்கும்.

கிளம்பும் நாள் அந்தத் தம்பியிடம் போனேன். என் கோபத்துக்கு நீ திட்டு வாங்கினாய், மன்னித்துக்கொள் என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அக்கா, அந்த ஒரு பக்கம் எழுதுனீங்கன்னு சொன்னாங்களே, அதை எனக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டான். எம்.டி.யிடம் கொடுத்ததன் நகல் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.